கையில் கொண்டுபோன மூச்சு

என் மாமியாருக்கு நான் நர்ஸ். எங்கள் தெருவுக்கு ஆக்சிஜன் அக்கா. சம்பளச் சீட்டில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று போட்டிருக்கும். அதைத் தமிழிலோ கன்னடத்திலோ யாருக்கும் விளக்கிச் சொல்வதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. சொந்தமாக மூச்சு விட முடியாதவர்களுக்கு மெஷின் வைத்து மூச்சு விடச் செய்ய வேண்டும், பிறகு அந்த மெஷினிலிருந்து அவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். மைசூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் பகலில் இதற்கு நான்கு பேர். இரவில் மூன்று மாடிகளில் இருக்கும் மூன்று ஐசியூவுக்கும் சேர்த்து ஒரே ஆள். எட்டு மாதமாக அந்த ஆள் பூங்குழலியாகிய நான்.

ராத்திரியில் நோயாளிகள் தூங்குவார்கள், உனக்கென்ன வேலை என்று என் கணவரே ஒருமுறை கேட்டார். அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை. முதல் மாடியில் ஒருவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் மாடியில் அலாரம் அடிக்கும். மூன்றாம் மாடிக்கு ஓடினால் பையிலுள்ள போன் இரண்டாம் மாடிக்குக் கூப்பிடும். லிஃப்ட் எப்போதும் வேறு எங்கோ நிற்கும். டப்பாவில் கொண்டுபோன சோறு நான்கு மணிக்குக் கல்லாகியிருக்கும். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் குக்கர் விசில், மாமியாரின் சீரியல், குறுக்கே கூரியர்காரன். பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய் என்று ரேஷன் கடைக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். தூக்கம் கெட்ட ஆளின் கை என்ன செய்யும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் மாடியில் எட்டாவது படுக்கையில் தொட்டையன் என்றொருவர் இருந்தார். தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்து ராமாபுரத்துக்காரர், ஐம்பத்தெட்டு வயது, மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறவர். நிமோனியா முற்றி வந்தவரைத் தொண்டையில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்துப் பதினொரு நாள். மனைவி லிங்கம்மா வெளியே வராந்தாவில் பாய் விரித்திருந்தாள். மகன் கவின்ராஜ் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து கீழே பைக் ஸ்டாண்டு பக்கம் படுத்துக்கொள்வான். நான் கொள்ளேகால் பக்கத்துப் பெண் என்று தெரிந்ததிலிருந்து லிங்கம்மாவுக்கு என் மேல் உரிமை. இரவு பத்து மணிக்கு நான் படியேறும்போதே பாயிலிருந்து எழுந்துவிடுவாள். நான் வந்துவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று பக்கத்துப் பாய்க்காரியிடம் கன்னடத்தில் சொல்வாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஏழு நாளில் அவர் தேறினார். பிறகு சளி கெட்டியாகிவிட்டது என்று, மெஷின் காற்றை வெந்நீர்ப் பாத்திரம் வழியாகச் செலுத்தி ஈரமாக்கச் சொன்னார்கள். ஏழாம் நாள் இரவு மூன்றரை மணிக்கு அந்தப் பாத்திரத்தை நான்தான் பொருத்தினேன். பொருத்தி முடிப்பதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து போன். ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் மோசமானார். எங்கள் ஆஸ்பத்திரியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு சோதனை உண்டு. மெஷினின் உதவியை மிகவும் குறைத்துவிட்டு, அரை மணி நேரம் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்போம். விட்டால் டியூப்பை எடுத்துவிடலாம். நான்கு நாள் நான்கு சோதனை, நான்கும் தோல்வி. ஐந்தாறு நிமிடத்திலேயே கழுத்து நரம்பு புடைத்து, விலா எலும்பு உள்ளே போய், கண் விழித்துத் துடிப்பார். மறுபடி மயக்க மருந்து கொடுத்து மெஷினில் போடுவோம். நுரையீரல் இறுகிவிட்டது என்று இரவு டாக்டர் உதயகுமார் எழுதினார். அதற்கு மெஷின் காட்டிய எண்களைக் குறித்துக் கொடுத்தவள் நான்.

பதினொன்றாம் நாள் இரவு டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டு, கழுத்தில் துளை போட்டு இன்னும் பல வாரம் மெஷினில் வைக்க வேண்டும், அப்படியும் உறுதி சொல்ல முடியாது என்றார். அவர் கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கவின்ராஜுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவன் நான் சொல்லும் வரை காத்திருந்தான். பிறகு இருவரும் வராந்தாவின் கோடிக்குப் போய் வெகுநேரம் நின்றார்கள். திரும்பி வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியே உயிர் போய்விட்டால் உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், தெருவிலேயே வைத்துத் தூக்க வேண்டும். அதனால் மூச்சோடு கொண்டுபோக வேண்டும். மெஷினைக் கழற்றிவிட்டு டியூப்பில் ஆம்பு பையை மாட்டி, கையால் அமுக்கிக்கொண்டே வீடு வரை போவது. வீட்டில் உறவுகள் ஆளுக்கொரு சொட்டுப் பால் வாயில் விட்டபிறகு டியூப்பை எடுப்பது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்த வேலை கிடையாது. நான் ஒன்பது முறை போயிருக்கிறேன். தமிழ் தெரிந்தவள் என்று ஹனூர்ப் பக்கத்து வண்டி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் ஏற்றுவார்கள். மூன்று மாடிகளை யார் பார்ப்பது என்று கேட்டால், நர்ஸுகள் சமாளித்துக்கொள்வார்கள் என்பார்கள். அப்படியானால் மற்ற நாளில் நான் எதற்கு என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

மூன்று மணிக்கு மயக்க மருந்தை நிறுத்தினோம். நான்கு மணிக்கு மெஷினைப் பிரித்தேன். டியூப்பின் வாயில் ஃபில்டர் ஒன்று இருக்கும், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் வில்லை. அதைக் கழற்றியபோது கையில் கனத்தது. சாய்த்ததும் உள்ளிருந்த தண்ணீர் என் செருப்பில் கொட்டி, சாக்ஸ் நனைந்துவிட்டது. சனியன் என்று திட்டி, அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஆம்பு பையை மாட்டினேன். ஆக்சிஜன் சிலிண்டர், ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் மாட்டும் கிளிப், படுக்கையோடு ஆம்புலன்ஸ் வண்டி. டிரைவர் வேலாயுதம் இதே வழியில் என்னோடு நான்கு முறை வந்தவர். ஒன்றும் பேச மாட்டார், பாட்டும் போட மாட்டார்.

வண்டியில் லிங்கம்மா புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கவின்ராஜ் எனக்கு எதிரே. ஊரில் பெரியப்பா பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்டாராம், தொட்டையனின் மகள் பாலாறு செக்போஸ்ட் வழியாக வந்துகொண்டிருக்கிறாளாம். அவன் போனில் ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னான். லிங்கம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனம்மணி, வூடு போய்ச் சேர்ற வரைக்கும் உசுரு நிக்குமா?"

"நிக்குமுங்க. நான் அமுக்கிட்டேதான் வருவேன்."

பையை அமுக்குவது சுலபமான வேலையாகத் தெரியும். இறுகிய நுரையீரல் என்றால் பத்தாவது நிமிடத்தில் உள்ளங்கை எரியும், காற்று உள்ளே போக மறுத்துத் திருப்பித் தள்ளும். அதற்குத் தயாராகத்தான் நான் இரண்டு கையையும் வைத்திருந்தேன். டி.நரசிபுரம் பாலம் தாண்டியபோது ஒரு கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். சிரமமே இல்லை. பை என் கைக்குள் மெத்தென்று அமுங்கியது. மார்பு அழகாக ஏறி இறங்கியது. கிளிப்பில் தொண்ணூற்றைந்து.

முதலில் பை ஓட்டையோ என்று நினைத்தேன். தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. கொஞ்ச தூரம் போனதும் நான் அமுக்குவதற்கு முன்பே பை தானாக ஒருமுறை அசைந்தது. அவர் இழுக்கிறார். கையை எடுத்துவிட்டு, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு பார்த்தேன். ஒரு நிமிடத்தில் இருபத்திரண்டு மூச்சு, அவருடையது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. விலா எலும்பு உள்ளே போகவில்லை. தொண்ணூற்றைந்து தொண்ணூற்றைந்தாகவே இருந்தது.

அப்போதுதான் கால் சில்லென்று இருப்பது தெரிந்தது. ஈர சாக்ஸ்.

ஃபில்டர் என்பது வெந்நீர்ப் பாத்திரம் இல்லாதபோது மாட்டுவது. நோயாளியின் சொந்த ஈரத்தைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும். பாத்திரம் வந்துவிட்டால் ஃபில்டரைக் கழற்றியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் அது தண்ணீரைக் குடித்துக் குடித்து அடைத்துக்கொள்ளும். படிப்பின் முதல் மாதத்தில் சொல்லித் தருவார்கள். அன்று மூன்றரை மணிக்கு அதைக் கழற்றாமல் நான் ஓடியிருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு ஃபில்டர் இல்லாத டியூப்பைப் பார்த்தாலே எங்கள் கை பதறும். இரவு பத்து மணிக்கு எல்லாப் படுக்கைக்கும் புது ஃபில்டர் மாட்டுவது என் முதல் வேலை. அப்படி எட்டாவது படுக்கைக்கும் நான்கு இரவு புதிதாக மாட்டியிருக்கிறேன். ஃபில்டர் மாற்றப்பட்டதா என்று தாளில் ஒரு கட்டம். நான் டிக் போட்டேன். காலை ஷிஃப்டுக்கு வந்த லீலா என் டிக்கைப் பார்த்துத் தன் டிக்கைப் போட்டாள். அது அங்கே இருக்கலாமா என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தத் தாளில் இல்லை. பத்து மணிக்கு மாட்டியது ஐந்து மணி சோதனைக்குள் நன்றாக ஊறியிருக்கும். அதன் வழியாக மூச்சு விடு என்று நான் அவரைச் சோதித்திருக்கிறேன். நான்கு காலையும் அவர் என்னைப் பார்த்துத்தான் துடித்தார்.

வண்டி கொள்ளேகாலை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் என் கையால் டியூப்பை எடுப்பேன். டியூப் இல்லாமலும் அவர் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார், பிறகு சளி அடைக்கும், உறிஞ்ச ஆள் இருக்காது. பாலை வேறு வாயில் விட்டிருப்பார்கள்.

கொள்ளேகாலுக்கு முன்னால் இருந்த பெட்ரோல் பங்கில் வேலாயுதத்தை நிறுத்தச் சொன்னேன். பையைக் கவின்ராஜிடம் கொடுத்து, சும்மா பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கி டாக்டருக்குப் போன் செய்தேன். உதயகுமார் நல்ல மனிதர்தான். நான் சொல்லி முடித்ததும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, கிளிப்பில் எவ்வளவு என்று கேட்டார். பிறகு, திருப்பிக் கொண்டுவா, படுக்கை தயாராக இருக்கும் என்றார். குடும்பத்திடம் நிலைமை முன்னேறியிருக்கிறது என்று மட்டும் சொல், ஃபில்டர் விஷயத்தை ரோட்டில் வைத்துப் பேசாதே, நீ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது அமிர்தமாக இருந்தது. அதையே சொல்லிவிடலாம் என்றுதான் வண்டியில் ஏறினேன். தேறிவிட்டார், கடவுள் கிருபை என்று சொன்னால் லிங்கம்மா என் காலில்கூட விழுந்திருப்பாள்.

சொன்னேன். தானாக மூச்சு விடுகிறார், திரும்பிப் போனால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று.

கவின்ராஜ் பையைப் பார்த்தான், அப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நாலு நாளும் இதையேதானுங்க சொன்னீங்க, மேடம். இன்னிக்கு உட்டுருவாரு, நாளைக்கு உட்டுருவாருன்னு. நாலு தடவையும் துடிச்சாரு. மறுக்கா அந்த மெஷின்ல எங்கப்பன வெக்க மாட்டேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

லிங்கம்மாவும் தலையாட்டினாள். அவர் பட்டது போதும், வீட்டு வாசலைப் பார்க்கட்டும் என்றாள். வேலாயுதம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், கை சாவியில் இருந்தது.

அவர்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. நான்கு முறை ஏமாந்தவர்கள் ஐந்தாவது முறை எதற்கு நம்ப வேண்டும்? முதல் நான்கு முறை ஏன் முடியவில்லை, இன்றைக்கு ஏன் முடிகிறது என்று யாராவது சொன்னால்தானே. அதைச் சொல்லக்கூடிய ஆள் அந்த வண்டியில் நான் ஒருத்திதான். வேலை போகும். போலீஸ் வருமோ என்னவோ. என் பிள்ளையின் ஸ்கூல், வீட்டு லோன், எல்லாம் ஒரு சுற்று வந்தது. அவர் மறுபடியும் ஒரு மூச்சு இழுத்தார், மகன் கையிலிருந்த பை அசைந்தது.

"தப்பு அவரு நுரையீரல்ல இல்லீங்க," என்றேன். "நான் பண்ணுனது. மூச்சுக் கொழாய்ல ஒரு பில்டர் மாட்டி வெச்சிருந்தேன், அது அங்க இருக்கக் கூடாது. தண்ணி ஊறி அடைச்சுக்கிச்சு. மூஞ்சில ஈரத்துணியப் போட்டுட்டு மூச்சு உட்டுப் பாருங்க, அப்படித்தான் அவரு நாலு நாளா உட்டுட்டு இருந்தாரு. கெளம்பறப்ப அதக் கழட்டிட்டேன். அதனாலதான் இப்ப தானா இழுக்கறாரு."

லிங்கம்மா முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்தி, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். நான் சொன்னதை நிஜமாகவே செய்து பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு துணியை எடுத்தாள்.

"நாலு நாளும் நீயா மாட்டுன?"

"ஆமாங்க. நாந்தான்."

அதுவரை அம்மணி, கண்ணு என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கவின்ராஜ் எழுந்த வேகத்தில் தலை வண்டிக் கூரையில் இடித்தது. அடிக்கப்போகிறான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் முன்பக்கக் கண்ணாடியை ஓங்கித் தட்டி, திருப்புங்கண்ணா என்றான். பிறகு போனை எடுத்துப் பெரியப்பாவிடம் பந்தலைப் போட வேண்டாம் என்றான். அங்கே ஏற்கனவே போட்டுவிட்டார்கள் போல. அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்தினான், கத்தும்போதே அழுதுவிட்டான்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். லிங்கம்மா கால்மாட்டிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தாள். களை பிடுங்கிக் காய்த்த கை. அதில் பிரியம் எதுவும் இல்லை. நான் ஒழுங்காக அமுக்குகிறேனா, எங்கேயாவது விட்டுவிடுகிறேனா என்று பார்க்க வைத்த கை. அறுபது கிலோமீட்டர் அப்படியே வைத்திருந்தாள். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோது, என் கை நழுவாமல் அவள் கைதான் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் பகல் ஷிஃப்ட் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். லீலா பையை வாங்கிக்கொண்டாள். லிங்கம்மா அப்போதுதான் என் கையை விட்டாள்.

"இனி நீ அவரத் தொடாத," என்றாள்.

அன்று பகல் விசாரணை என்று உட்கார வைத்தார்கள். எழுதிக் கொடுத்தேன், மெமோ வாங்கினேன், சம்பள உயர்வு நின்றது. வேலை போகவில்லை. கருணை என்று நினைக்க வேண்டாம், ராத்திரிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. எல்லா மாடியிலும் ஃபில்டர் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இன்னொரு ஆள் போடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்த பக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. மறுநாள் இரவு பத்து மணிக்கு மறுபடியும் மூன்று மாடிக்கும் நான்தான். எட்டாவது படுக்கைக்கு மட்டும் நர்ஸே சளி உறிஞ்சினாள். நான் அந்தப் பக்கம் போகும்போது லிங்கம்மா கதவருகே வந்து நின்றுகொள்வாள். நான் தாண்டிப் போகும் வரை நிற்பாள்.

மூன்றாம் நாள் பகலில் டியூப்பை எடுத்துவிட்டார்கள் என்று லீலா எழுதி வைத்திருந்தாள். அன்று இரவு நான் படியேறும்போது லிங்கம்மா பாயிலிருந்து எழுந்தாள்.

"அவரு பேசறாரு. வந்து கேட்டுட்டுப் போ," என்றாள். உள்ளே நான்கு அடி நடந்தபின் திரும்பி, "தள்ளி நின்னுக்கோ," என்றாள்.

தள்ளித்தான் நின்றேன். தொட்டையன் தலையணையில் சாய்ந்திருந்தார். டியூப் கிடந்த தொண்டை, குரல் காற்றாகத்தான் வந்தது. கவின்ராஜ் அவரிடம் எதையோ உளறியிருக்கிறான்.

"எனக்குப் பந்தல் போட்டாங்களாமா," என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. "எத்தன காலு? நாலா, ஆறா?"

"ஆறு காலு," என்றான் மகன்.

"அப்பச் சரி," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் பேசிய வேகத்தில் மூக்கின் கீழிருந்த ஆக்சிஜன் குழாய் ஒருபக்கம் நழுவிவிட்டது. பழக்கதோஷம், என் கை தானாக நீண்டது. லிங்கம்மா என் கையைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டேன்.

அவளே போய்க் குழாயை எடுத்து வைத்தாள். கோணலாக இருந்தது.

"இடது பக்கம் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றேன். தூக்கினாள். "காதுக்குப் பின்னால மாட்டுங்க." மாட்டினாள். இப்போது சரியா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். சட்டைப் பையில் போன் அடித்தது. மூன்றாம் மாடி.